வெட்டி இழுக்கும் வண்டி: மாற்றுவதற்கு முன் விசாரியுங்கள்



ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் சீராக வேகமெடுக்க வேண்டிய கார், யாரோ பின்னாலிருந்து பிடித்திழுத்து விடுவதைப்போல விட்டுவிட்டுத் துள்ளுகிறது. "ஜெர்க் அடிக்கிறது" என்கிறோம். ஒர்க்‌ஷாப்பில் "மிஸ்ஸிங்" என்பார்கள். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் நம் சகோதரர்களுக்கு இது சிறிய காரியமல்ல. விமானத்தைப் பிடிக்க வேண்டிய பயணி பாதி வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்துக்கொண்டால் அன்றைய வருமானம் போயிற்று. மேம்பாலத்தின் ஏற்றத்தில் லாரியைக் கடப்பதற்காக வலப்புறம் வந்த பிறகு வண்டி வேகமெடுக்க மறுத்தால், போவது வருமானம் மாத்திரமல்ல.

இப்படிப்பட்ட வேளையில் நம்மவர்களிடத்தில் இரண்டு வழக்கங்களைக் காண்கிறேன். ஒன்று, யாரோ சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போவது. மற்றொன்று, விசாரிப்பதற்கு முன்பே "இது சத்துருவின் போராட்டம்" என்று முடிவு கட்டிவிடுவது. இரண்டும் பார்வைக்கு வேறுவேறானவை. ஆனால் என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டறியாமல் தீர்ப்புச் சொல்லுவதில் இரண்டும் ஒன்றே.

எழுந்திரு என்றார் தேவன்

ஆயி பட்டணத்தில் இஸ்ரவேலர் முறிந்தோடினபோது யோசுவா என்ன செய்தான்? வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, கர்த்தருடைய பெட்டிக்கு முன்பாகச் சாயங்காலமட்டும் முகங்குப்புற விழுந்து கிடந்தான். அந்த ஜெபத்தைத் தேவன் அசட்டைபண்ணவில்லை. ஆனாலும் அவனை எழுந்திருக்கச் சொல்லி, தேடும் வழியைக் காட்டினார். மறுநாள் காலையில் முதலாவது கோத்திரம், பிறகு வம்சம், பிறகு வீடு, கடைசியாக ஆள் என்று வரிசையாகக் குறுக்கிக்கொண்டே வந்து, காரணம் ஒரே மனுஷனிடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது (யோசுவா 7-ஆம் அதிகாரம்). இலட்சக்கணக்கான ஜனத்தில் ஒருவனை நான்கே படிகளில் கண்டறிந்த விதத்தைக் கவனியுங்கள். நல்ல மெக்கானிக் செய்வதும் இதுவே.

இந்தப் பகுதியை நான் எடுத்துச் சொன்னவுடன், "அப்படியானால் என் கார் துள்ளுவதற்கு வீட்டில் மறைந்திருக்கும் பாவம் காரணமா, பாஸ்டர்?" என்று கேட்கக்கூடியவர்கள் உண்டு. இல்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமா, இவனைப் பெற்றவர்களின் பாவமா என்று கேட்டபோது, இரண்டுமல்ல என்றே ஆண்டவர் பதிலளித்தார் (யோவான் 9:3). யோசுவாவின் சம்பவத்திலிருந்து நாம் இங்கே எடுத்துக்கொள்வது தேடும் முறையை மாத்திரமே.

ஏன் மிதிக்கும்போது மாத்திரம்?

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் மூன்று அல்லது நான்கு சிலிண்டர்கள் இருக்கும். இஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை பொறி எழும்ப வேண்டும்; நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நூறு பொறிகள். அவற்றில் சில தவறினாலே வண்டி துள்ளும். ஒரு சிலிண்டர் முற்றிலும் வேலை செய்யாவிட்டால் நான்கில் ஒரு பங்கு இழுவை போய்விடும்.

பொறி எழும்புவது ஸ்பார்க் பிளக்கின் நுனியிலுள்ள ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுப்பது இக்னிஷன் காயில். நாம் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அதிகமான காற்றும் எரிபொருளும் புகுகின்றன. உள்ளே அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்டுவதற்குப் பொறிக்கு இன்னும் அதிக வோல்ட் தேவைப்படுகிறது. பலவீனமான காயிலோ, தேய்ந்து இடைவெளி அகன்றுபோன பிளக்கோ, வண்டி சும்மா நிற்கும்போது சமாளித்துவிடும், ஏற்றத்தில் கைவிட்டுவிடும்.

ஆகவேதான் ஒர்க்‌ஷாப் வாசலில் நியூட்ரலில் வைத்து இஞ்சினை முறுக்கிப் பார்க்கிறவர், "வண்டி நன்றாகத்தானே இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறார். பாரம் ஏறாத வண்டி தன் பழுதைக் காட்டாது. மெக்கானிக்கை அருகில் உட்காரவைத்து, துள்ளுகிற அதே ஏற்றத்திற்கு, அதே கியரில் அழைத்துச் செல்லுங்கள். (இதில் நல்ல பிரசங்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது. இம்மாதம் அதை விட்டுவிடுகிறேன். காரைப் பற்றி மாத்திரம் பேசுவோம்.)

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சிகளை ஓட்டிய மூத்த சகோதரர்கள், "எங்கள் காலத்தில் பிளாட்டினத்தைத் தேய்த்து, கார்புரேட்டர் ஜெட்டை ஊதிவிட்டால் தீர்ந்தது" என்பார்கள். உண்மைதான். அன்று சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மிகச் சில. இன்றைய வண்டியிலோ சென்சாரும் காயிலும் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. ஊதிப் பார்க்கும் காலம் போயிற்று. கேட்டுப் பார்க்கும் காலம் இது.

ஒரு சகோதரருக்கு நேர்ந்தது

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, கடனில் கார் வாங்கி ஓட்டும் விசுவாசி ஒருவரின் வண்டி, மழைக்காலம் தொடங்கிய சில நாட்களில் துள்ள ஆரம்பித்தது. வழக்கமாகச் செல்லும் ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடியும் துள்ளியது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். மறுபடியும் துள்ளியது. அதற்குள் பதினாறாயிரம் ரூபாய் செலவாகிவிட்டது. அந்த மாதத் தவணையைக் கட்டுவதற்காகச் சகோதரியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

இந்நிலையில் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒருவர், "உங்களிடத்தில் ஏதோ தடை இருக்கிறது, ஆராய்ந்து பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். சகோதரர் மூன்று நாள் உபவாசமிருந்தார். அந்த உபவாசம் வீணென்று நான் சொல்லமாட்டேன். தேவ சமுகத்தில் தங்கள் இருதயத்தை ஊற்றியவர்கள் ஒருபோதும் வெறுமையாய்த் திரும்பியதில்லை. ஆனால் வண்டியின் பானெட்டைத் திறந்துகூடப் பாராமல், கடனில் தத்தளிக்கிற ஒரு மனுஷன்மேல் குற்றவுணர்ச்சியையும் சுமத்தியது சரியல்ல என்பதை அந்தக் கூட்டத்தாருக்கு நேரிலேயே சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

பின்பு நம் சபையிலுள்ள வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்த்தார். கருவி எதையும் கையில் எடுக்குமுன் கேள்விகளைக் கேட்டார்.

"தம்பி, எப்போது துள்ளுகிறது?"

"மேம்பாலம் ஏறும்போதுதான் அண்ணாச்சி. சமதரையில் நன்றாகத்தான் போகிறது."

"கேஸில் ஓடும்போதா, பெட்ரோலிலா?"

"கேஸில்தான் அதிகம். பெட்ரோலுக்கு மாற்றினால் குறைகிறது."

"மழை பெய்த மறுநாளா?"

சகோதரர் யோசித்துப் பார்த்தார். ஆம், மழைக்குப் பின்புதான் தொடங்கியது.

"எப்போது" என்ற ஒரே சொல்லால் கோத்திரம், வம்சம், வீடு மூன்றும் குறிக்கப்பட்டுவிட்டன. பெட்ரோல் பம்பே பழுதாயிருந்தால் பெட்ரோலில் ஓடும்போதுதான் அதிகமாகத் துள்ளியிருக்க வேண்டும். சி.என்.ஜி. எரிவாயுவுக்கோ பெட்ரோலைக் காட்டிலும் வலுவான பொறி தேவை. எனவே காயிலும் பிளக்கும் பலவீனமடையும்போது கேஸில் ஓடும் வண்டிதான் முதலில் துள்ளும். மழை என்றவுடன் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. இஞ்சின் ஆறிய பிறகு காயில்களைக் கழற்றினார். மூன்றாம் சிலிண்டரின் குழியில் ஈரம். அந்தக் காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பும், மின்சாரம் வழிதவறிப் பாய்ந்த கருங்கோடும் இருந்தன.

அப்போதும் அவர் உடனே மாற்றிவிடவில்லை. மூன்றாம் சிலிண்டரின் காயிலை முதலாம் சிலிண்டருக்கும், முதலாவதை மூன்றாவதற்கும் இடம் மாற்றிப் பொருத்தி, அதே மேம்பாலத்தில் ஏற்றினார். ஸ்கேனரில் மிஸ்ஸிங் இப்போது முதலாம் சிலிண்டரில் என்று காட்டியது. காயில் சென்ற இடத்திற்குப் பழுதும் சென்றது, இனிச் சந்தேகமில்லை. ஒரு காயிலும் ஒரு செட் பிளக்கும் வாங்கிப் பொருத்தினார். குழிக்குள் தண்ணீர் இறங்கிய வழியையும் அடைத்தார். முன்பு செலவழித்ததில் நான்கில் ஒரு பங்கு ஆகவில்லை.

மற்ற காரணங்கள்

எல்லாத் துள்ளலும் காயிலினால் வருவதல்ல. மேலே சொன்னதைப் படித்துவிட்டு உடனே காயில் வாங்கப் புறப்பட்டால், நான் எழுதியதற்கு நேர் எதிரானதைச் செய்கிறீர்கள்.

நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்திற்கு மேல், நெடுநேரம் மிதித்துக்கொண்டிருக்கும்போது வண்டி மூச்சு வாங்குவதுபோல் தளர்ந்தால், எரிபொருள் போதுமான அளவு வரவில்லை என்று சந்தேகிக்கலாம். அடைபட்ட ஃபில்ட்டர், தளர்ந்த பம்பு இரண்டையும் பிரஷர் கேஜ் பொருத்தி அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சி.என்.ஜி. வண்டி ஓட்டும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் டாங்கை எப்போதும் காலியாக வைத்திராதேயுங்கள். டாங்கிற்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். தினமும் சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுவது நல்லது. இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது தண்ணீரை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். பல மாதம் ஓடாமல் நின்ற வண்டி புறப்பட்டவுடன் துள்ளினால் டாங்கிலுள்ள பெட்ரோலையும் சந்தேகியுங்கள்.

காற்று செல்லும் வழியிலும் பழுது உண்டாகும். காற்றை அளக்கும் சென்சாருக்கும் இஞ்சினுக்கும் நடுவே செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்து கலவையைக் கெடுக்கும். மிதிக்கும்போது இஞ்சின் தன் இருக்கையில் சற்றுத் திரும்புகிறதல்லவா, அப்போது மாத்திரம் அந்த வெடிப்பு வாய்திறக்கும். நின்ற வண்டியில் கண்ணுக்குத் தென்படாது. குழாயைக் கையால் வளைத்துப் பார்க்க வேண்டும்.

இஞ்சினே காரணமாயிராத துள்ளலும் உண்டு. சுற்றின் அளவைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைக் கவனிக்கும்படி உடன் வருகிறவரிடம் சொல்லுங்கள். முள் சீராக ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. துள்ளும்போது முள்ளும் தாறுமாறாக ஆடினால் பொறியின் பக்கமாகவோ சென்சாரின் பக்கமாகவோ தேடலாம். புறப்படும்போது மாத்திரம் "டொக்" என்ற சத்தத்துடன் ஒரு குலுக்கல் என்றால் இஞ்சின் மவுண்டிங் ரப்பரைப் பாருங்கள். கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வண்டிகளை 2014 முதல் நம்மவர்கள் அநேகர் வாங்கியிருக்கிறார்கள். அவற்றில் கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் அசைவது அந்த அமைப்பின் சுபாவம், பழுதல்ல. முன்பு இல்லாத அளவு அதிகமானால் மாத்திரம் காட்டுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஃபில்ட்டரில் தேங்கிய தண்ணீரையும், டர்போ குழாயின் வெடிப்பையும் முதலில் பார்க்கச் சொல்லலாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நகரத்திற்குள் குறைந்த தூரம் மாத்திரமே ஓடும் வண்டியில் அது அடைபடும்.

ஸ்கேனர் ஒரு சாட்சி

இஞ்சின் படமுள்ள மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக் குறியீட்டைப் படிப்பார்கள். "பி 0301" என்றால் முதலாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். "பி 0171" என்றால் கலவையில் எரிபொருள் குறைவு. இவை எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. என்ன நடந்தது என்று மாத்திரம் சொல்கின்றன. "பி 0301" வருவதற்குப் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு எது வேண்டுமானாலும் காரணமாயிருக்கலாம். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்பட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (உபாகமம் 19:15). ஸ்கேனர் ஒரு சாட்சி. ஓட்டுநரின் வாய்மொழி இன்னொரு சாட்சி. இடம் மாற்றிப் பார்த்த சோதனை மூன்றாவது.

அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குச் செல்லலாம். மினுக்மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால், உடனே காலைத் தளர்த்தி, பத்திரமான இடத்தில் ஓரம்கட்டி, இஞ்சினை நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பாழாக்குகிறது என்பதன் அறிகுறி அது. பிளாட்டினம், பலேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உள்ள பாகம். ஒரு காயிலுக்காகச் சோம்பினவர் அதையும் வாங்க நேரிடும். அதிகமாகச் சூடேறினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. பயணி அவசரப்படுத்தினாலும் நிறுத்துங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பேசும் விதம்

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மொழி ஒரு தடையாயிருக்கிறது. "ஜட்கா மார்தா ஹை" என்று மாத்திரம் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், மெக்கானிக் தனக்குத் தோன்றியதைச் செய்வார். போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த கியர், எந்த வேகம், ஏற்றமா சமதரையா, காலையில் குளிர்ந்த இஞ்சினா சூடேறிய பின்பா, ஏ.சி. போட்டிருந்ததா, கேஸா பெட்ரோலா, கடைசியாக எரிபொருள் நிரப்பியது எப்போது. இந்தி நன்றாகத் தெரிந்த வாலிபப் பிள்ளைகள் சபையில் இருப்பார்கள். ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். "பம்பை மாற்றிக் கொடுங்கள்" என்று நீங்களே சொல்லாதேயுங்கள். சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள். அதன்பிறகும் துள்ளினால் அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது.

வீட்டின் சுவரில் தோஷம் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு பிரமாணம் இருக்கிறது. ஆசாரியன் முதலில் பார்க்கிறான். ஏழுநாள் வீட்டை அடைத்துவைத்து மறுபடியும் வந்து பார்க்கிறான். பரவியிருந்தால் தோஷமுள்ள கல்லை மாத்திரம் பெயர்த்தெடுத்து வேறு கல்லை வைக்கச் சொல்கிறான். முதல் நாளிலேயே வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. எந்தப் பாகத்தை மாற்றினாலும், "இதுதான் பழுது என்று எப்படி அறிந்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் கோபப்படமாட்டார், காட்டுவார். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லையும் வாங்குங்கள்.

கடைசியாக, ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நடக்கும் பழைய கார் விற்பனைகளைக் குறித்து. "நம்ம சகோதரர்தானே" என்று ஓட்டிக்கூடப் பாராமல் பணம் கொடுக்கிறார்கள். துள்ளுகிற வண்டியின் பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்து, விளக்கை அணையச் செய்து விற்பது ஒரு நிமிஷ வேலை. அப்படிச் செய்கிறவர் விசுவாசியாயிருந்தாலும் அது கள்ளத் தராசே. ஆனால் குறியீட்டை அழிக்கும்போது, வண்டியின் கம்ப்யூட்டர் செய்து முடித்திருந்த சுயசோதனைகளும் சேர்ந்து அழிந்துபோகும். மீண்டும் முடிவதற்குப் பல நாள் ஓட்டம் தேவைப்படும். ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துச் சென்று, சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் பேட்டரி கழற்றப்பட்டதா அல்லது குறியீடு அழிக்கப்பட்டதா என்று விற்பவரிடம் முகத்துக்கு முகம் கேட்டு, ஏற்றத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, முன்பணம் கொடாமல், வண்டியை அவர் ஒரு வாரம் ஓட்டட்டும், அடுத்த ஞாயிறு மறுபடியும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.